பழைய கணக்குகளின் வழிக் கற்றல்: மதுரைச் சமவெளியிலிருந்து ஒரு வரலாறு

பள்ளி மாணவர்களுக்கான கணிதப் போட்டிகளுக்கு ஆயத்தமாவோர், முந்தைய ஆண்டுகளில் கேட்கப்பட்ட கணக்குகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் தாமே போட்டுப் பார்த்து, அதில் அமைந்த வழியைப் பிடித்துக்கொண்டு அடுத்த கணக்குக்கு நகர்வது இன்று உலகெங்கும் நிலைபெற்றுவிட்ட பயிற்சி முறையாகும். மதுரைக்கு வடகிழக்கே பெரியாற்றுக் கால்வாய் பாயும் மேலூர் வட்டாரத்திலும், உதவித்தொகைத் தேர்வுக்கும் திறனாய்வுத் தேர்வுக்கும் மாணவர்களை ஆயத்தப்படுத்துவோர் முதலில் தேடுவது முந்தைய ஆண்டு வினாத்தாள்களைத்தான். அச்சிட்ட வினாத்தாளோடு பிறந்ததுபோல் இம்முறை தோன்றினாலும், தமிழகத்தில் அதற்கு ஓலைச்சுவடிக் காலம் தொட்டு வரும் நீண்ட முன்வரலாறு உண்டு. அவ்வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். ஒரு தலைமுறை தன் பிள்ளைகளின் பயிற்சிக்கென எடுத்துக்கொடுத்த பழைய கணக்குகள், கணக்கறிந்தவரிடம் அத்தலைமுறை எந்த வேலையை எதிர்பார்த்தது என்பதையும், அக்கல்வியை யாருக்கெல்லாம் எட்டவிட்டது என்பதையும் ஒருங்கே காட்டுகின்றன. அவற்றின் விடைகள் பயனற்றுப் போன பின்னும் நிலைத்து நிற்பது அவற்றுக்குள் இருந்த சிந்தனை வழியே.

நெல்லும் நிலமும் தந்த கணக்குகள்

மேலூர்ப் பகுதியின் வாழ்வு நெடுங்காலமாகக் கண்மாய்களையும் நெல்லையும் சார்ந்து நடந்துவந்தது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றின் நீர், 1895ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைப் பக்கம் திருப்பப்படும் வரை, மழையையும் கண்மாயில் தேங்கிய நீரையும் நம்பியே இங்கு வேளாண்மை நடந்தது. கண்மாய் மடைவழி நீரைப் பங்கிடுவதற்கும், அறுவடைக் களத்தில் குடிக்கும் அரசுக்கும் கோயிலுக்கும் ஊர்த்தொழிலாளர்க்கும் உரிய நெல்லைப் பிரிப்பதற்கும், நிலத்தை அளந்து வரி வைப்பதற்கும் கணக்குத் தேவைப்பட்டது. வணிகத்தின் தேவை அதனினும் பழமையானது. மேலூருக்கு மேற்கேயுள்ள அழகர்மலைக் குகையில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் உப்பு வணிகர், அறுவை எனப்பட்ட துணியை விற்றவர், கொழு எனப்பட்ட ஏர்முனை இரும்பை விற்றவர் ஆகியோரைக் கொடையாளர்களாகக் குறிப்பிடுகின்றன. எடையும் அளவும் விலையும் அறியாமல் இத்தொழில்களுள் எதுவும் நடந்திருக்க இயலாது.

இத்தகைய தேவைகளிலிருந்து பிறந்த கணக்குகளைச் செய்யுள் வடிவில் தொகுத்துத் தந்த தமிழ் நூல்களுள் பெரிதும் பரவியது, கொறுக்கையூர்க் காரிநாயனார் இயற்றியதாகக் கூறப்படும் ‘கணக்கதிகாரம்’ ஆகும். ‘ஆஸ்தான கோலாகலம்’ போன்ற வேறு நூல்களும் இவ்வகையில் வழங்கின. நிலம், பொன், நெல், அரிசி, கால், கல், பொது எனப் பொருள்வாரியாகக் கணக்குகளைப் பிரித்துக்கொண்ட கணக்கதிகாரம், ஒவ்வொரு வகைக்கும் உரிய விதியைப் பாட்டாகச் சொல்லி, அதன்கீழ் எடுத்துக்காட்டுக் கணக்கை உரைநடையில் தருகிறது. வட்டத்தின் பரப்பை அறிய, விட்டத்தில் பாதியைச் சுற்றளவில் பாதியால் பெருக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. விட்டம் 14, சுற்றளவு 44 எனில் 7ஐ 22ஆல் பெருக்கி 154 எனப் பரப்பைப் பெறும் அவ்வழி, இன்றைய பள்ளிப் பாடத்தின் வாய்பாட்டோடு முற்றும் பொருந்துவது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையின் எண்ணிக்கையை அறிய, காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி, 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுக்கச் சொல்லும் புகழ்பெற்ற விதியோ நிறுவப்பட்ட உண்மையன்று. கண்ணால் கண்டதை எண்ணாக மாற்றப் பழகும் ஒரு பயிற்சி அது. துல்லியமான விதியும் தோராயமான விதியும் ஒரே நூலில் அருகருகே நிற்பது, அந்நூல் கணக்குப் பயிற்சிக்கான தொகுப்பாகப் பயன்பட்டதைக் காட்டுகிறது.

நெல்லளவைக் கணக்குகள் இன்னும் நுட்பமானவை. 360 நெல்மணி கொண்டது ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம் என ஏறிச்செல்லும் அவ்வாய்பாட்டின்படி, ஒரு நாழியில் 14,400 நெல்லும் ஒரு கலத்தில் 13,82,400 நெல்லும் அடங்கும். பத்துப் பத்தாக ஏறாமல் படிக்குப் படி மாறும் இவ்வளவைகளைக் கொண்டு மனக்கணக்காகப் பங்கு பிரிப்பதற்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் மட்டும் போதாது. எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு இறங்கினால் கணக்கு எளிதாகும் என்று முன்கூட்டியே காணும் திறனும் வேண்டும். அத்திறனை விதியாகச் சொல்லிக்கொடுப்பது அரிது. முன்னோர் போட்ட கணக்குகளை மீண்டும் மீண்டும் போட்டே அது கைவந்தது.

திண்ணைப் பள்ளியின் பயிற்சி முறை

அப்பயிற்சியை அளித்த இடம் திண்ணைப் பள்ளி. ஆசிரியரின் வீட்டுத் திண்ணையிலோ ஊர்ப் பொதுவிடத்திலோ நடந்த இப்பள்ளிகளில், பிள்ளைகள் மணலில் விரலால் எழுதத் தொடங்கி, பின்னர் ஓலையில் எழுத்தாணியால் எழுதப் பழகினர். கணக்குப் பாடத்தின் அடிப்படை நூல் எண்சுவடி. எண்களையும் பின்னங்களையும் வரிசைப்படுத்தும் பொன்னிலக்கம், முகத்தலளவைகளைச் சொல்லும் நெல்லிலக்கம், பெருக்கல் வாய்பாடுகள், நிலப்பரப்பைக் கணிக்க உதவும் குழிமாத்து ஆகியன படிப்படியாகக் கற்பிக்கப்பட்டன. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. 4 முந்திரி கொண்டது 80இல் ஒரு பங்காகிய காணி. 4 காணி கொண்டது 20இல் ஒரு பங்காகிய மா. 5 மா சேர்ந்தால் கால். முந்திரியையே மேலும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என வழங்கியதால், ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்கு வரை இறங்கும் பின்னங்களைச் சிறுவர்கள் பெயரும் குறியீடுமாக அறிந்திருந்தனர்.

சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவன் முன்னே சொல்ல மற்றவர்கள் பின்சொல்லும் முறையில் வாய்பாடுகள் மனப்பாடமாயின. மூத்த மாணவரைக் கொண்டு இளையவர்க்குக் கற்பிக்கும் இவ்வேற்பாட்டைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரு பெல், எழும்பூரில் தாம் நடத்திய ஆதரவற்ற சிறுவர் விடுதியில் கையாண்டு, 1797ஆம் ஆண்டில் அதைப் பற்றி நூல் வெளியிட்டதால் இங்கிலாந்தில் அது மதராஸ் முறை என்றே பெயர் பெற்றது. திண்ணைப் பள்ளியின் கணக்குக் கல்வி வெறும் மனப்பாடம் என்று காலனிய ஆட்சியின் கல்வி அதிகாரிகள் குறைகூறினர். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வரலாற்றறிஞர் செந்தில் பாபு, எண்சுவடிகளையும் கணக்கதிகாரச் சுவடிகளையும் விரிவாக ஆராய்ந்து இக்கருத்தை மறுத்துள்ளார். நினைவாற்றல் அங்குக் கற்றலின் முடிவாக அல்லாமல் கருவியாகவே இருந்தது என்றும், மனத்தில் நின்ற வாய்பாடுகளைக் கொண்டு நடைமுறைக் கணக்குகளைத் தீர்க்கப் பழகுவதே பயிற்சியின் உயிர் என்றும் அவர் காட்டுகிறார். ஆசிரியர் வாய்மொழியாக ஒரு கணக்கைப் போட, மாணவன் எழுதாமல் மனத்திலேயே விடை கண்டு சொல்லும் அந்தப் பழக்கம், இன்றைய போட்டித் தேர்வுகள் நாடும் விரைவுக்கும் தெளிவுக்கும் வெகு அருகில் நிற்பது.

இப்பள்ளிகள் எவ்வளவு பரவியிருந்தன என்பதற்குச் சான்று உண்டு. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் ஆணையிட்டு நடத்திய கணக்கெடுப்பின்படி, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும், மதுரை மாவட்டத்தில் மட்டும் 844 பள்ளிகளும் இயங்கின. மதுரையின் பள்ளிகளில் பயின்ற 13,781 பேருள் பெண்கள் 105 பேர் மட்டுமே என்பதையும் அதே கணக்கெடுப்பு பதிவு செய்திருக்கிறது. கணக்குப்பிள்ளைகளையும் வணிகர்களையும் நிலமுடைய குடும்பத்துப் பிள்ளைகளையும் உருவாக்கிய இக்கல்வி, பெண்களுக்கும் தீண்டாமைக்கு ஆட்பட்டோருக்கும் பெரும்பாலும் எட்டாமலே இருந்தது. வயலில் நெல்லை அளந்து கொடுத்த கையும் அந்த நெல்லுக்குக் கணக்கு எழுதிய கையும் வெவ்வேறாக இருந்த சமுதாயத்தில், பழைய கணக்குகளை அறிந்திருத்தல் ஓர் அதிகாரமாகவும் விளங்கியது.

தேர்வும் அச்சும் கொண்டுவந்த மாற்றம்

மதுரையில் 1834ஆம் ஆண்டில் தொடங்கிய அமெரிக்க மிஷனின் பள்ளிகளும், 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளும், 1881இல் பசுமலையில் தொடங்கி 1904இல் நகருக்குள் வந்த அமெரிக்கன் கல்லூரியும் கணக்குப் பயிற்சியின் திசையை மாற்றின. ஊர்க்கணக்கு எழுதுவதற்கான கல்வி, அரசுப் பணிக்கும் பட்டத்துக்குமான தேர்வுக் கல்வியாயிற்று. கேள்விகளும் அச்சில் வந்தன; ஓராண்டின் வினாத்தாள் அடுத்த ஆண்டு மாணவனுக்குப் பாடமாகும் வழக்கம் வேரூன்றியது.

தேர்வுக்கான தொகுப்பு ஒன்று தேர்வைக் கடந்த அறிவுக்கும் வழிதிறக்கும் என்பதற்குக் கணிதமேதை இராமானுசனின் வாழ்க்கையே தலைசிறந்த சான்று. லண்டனில் மாணவர்களுக்குத் தனிப்பயிற்சி அளித்துவந்த ஜி. எஸ். கார் என்பவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வான ட்ரைபோசுக்கு ஆயத்தம் செய்வோரை மனத்தில் கொண்டு, ஏறத்தாழ 5,000 கணித முடிவுகளைச் சுருக்கமான குறிப்புகளோடு தொகுத்து 1880களில் வெளியிட்டார். கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்த இராமானுசனின் கைக்கு அந்நூல் கிடைத்தபோது, நிறுவல்கள் பெரும்பாலும் இல்லாமல் முடிவுகள் மட்டும் வரிசையாக நின்ற அதன் அமைப்பே அவருக்குப் பயிற்சியாயிற்று; ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்க்கப் புகுந்தவர், அதைக் கடந்து புதிய முடிவுகளைக் குறிப்பேடுகளில் எழுதலானார். கல்லூரித் தேர்வில் பிற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவரும் அவரே. ஒரே வகைத் தொகுப்பு ஒருவருக்கு மதிப்பெண்ணுக்கான சுருக்கவழியாகவும் மற்றொருவருக்குக் கண்டுபிடிப்பின் தொடக்கமாகவும் அமையக்கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

பழைய கணக்கைப் போடுவதோடு புதிய கணக்கை விடுப்பதும் பயிற்சியின் ஒரு பகுதி என்ற பண்பாட்டை இங்கு வளர்த்தது இந்தியக் கணிதக் கழகம். துணை ஆட்சியராகப் பணியாற்றிய வி. இராமசாமி ஐயர் 1907இல் தொடங்கிய இக்கழகத்தின் இதழில், வாசகர்கள் வினாக்களை விடுத்து மற்றவர்கள் விடை எழுதும் பகுதி ஒன்று இருந்தது. இராமானுசன் அதற்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட வினாக்களை அனுப்பினார். 1911இல் வெளியான அவற்றுள் ஒன்று, வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவின்றி அடுக்கிச் செல்லும் ஒரு கோவையின் மதிப்பைக் கேட்டது, விடை 3. மூன்றின் வர்க்கமாகிய 9, 2ஐ 4ஆல் பெருக்கி 1ஐக் கூட்டியதற்குச் சமம். அந்த நான்கின் வர்க்கமாகிய 16, 3ஐ 5ஆல் பெருக்கி 1ஐக் கூட்டியதற்குச் சமம். ஐந்தின் வர்க்கமாகிய 25, 4ஐ 6ஆல் பெருக்கி 1ஐக் கூட்டியதற்குச் சமம். இச்சங்கிலி எங்கும் அறுபடாமல் தொடர்வதே அக்கணக்கின் மறைபொருள். எட்டாம் வகுப்பு இயற்கணிதம் அறிந்தவருக்கு விளங்கக்கூடிய ஓர் உண்மை, சரியான கோணத்தில் கேட்கப்படும்போது அறிஞர்களையும் நிறுத்திவைக்கும் வினாவாகிவிடுகிறது. போட்டிக் கணக்கின் இலக்கணமும் இதுவே.

போட்டிகளின் பிறப்பும் இந்தியாவின் நுழைவும்

பள்ளி மாணவர்களுக்கான கணிதப் போட்டி நிறுவன வடிவம் பெற்றதில் ஹங்கேரிக்குத் தனியிடம் உண்டு. இயற்பியலறிஞர் ஏட்வேஷின் பெயரால் அந்நாட்டில் 1894ஆம் ஆண்டு முதல் நடந்த போட்டியும், அதே காலத்தில் தொடங்கி மாதந்தோறும் கணக்குகளை வெளியிட்டு மாணவர்களின் விடைகளை அச்சிட்ட பள்ளிக் கணித இதழும் ஒன்றையொன்று வளர்த்தன. முதல் பல ஆண்டுகளின் போட்டிக் கணக்குகளையும் விடைகளையும் விளக்கங்களோடு யோசெஃப் கூர்ஷாக் 1929இல் தொகுத்து வெளியிட்ட நூல், முந்தைய ஆண்டுக் கணக்குகளைக் கொண்டு ஆயத்தம் செய்வதற்கு உலகெங்கும் முன்மாதிரியாயிற்று. ஒரு கணக்குக்கு ஒரு விடையோடு நிற்காமல் பல வழிகளைக் காட்டி, அதிலிருந்து கிளைக்கும் பொதுக் கருத்தையும் விளக்கியதே அத்தொகுப்பின் சிறப்பு. பன்னாட்டுக் கணித ஒலிம்பியாட் 1959இல் ருமேனியாவில் ஏழு நாடுகளோடு தொடங்கியது.

தமிழகத்தில் இப்போக்குக்கு வித்திட்டவர்கள் பள்ளி ஆசிரியர்களே. ஏ.எம்.டி.ஐ. எனச் சுருக்கமாக வழங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் 1965இல் சென்னையில் தோன்றி, ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதழ்கள் வெளியிட்டு, தேசியக் கணிதத் திறனறிப் போட்டியை நடத்தலாயிற்று. வகுப்புக்கேற்ப காஸ், கப்ரேகர், பாஸ்கரா, இராமானுசன் எனப் பெயரிட்ட படிநிலைகளைக் கொண்ட அப்போட்டியின் பழைய வினாக்கள் ஆசிரியர் கைமாறிக் கைமாறிப் பரவின. இவ்வியக்கத்தின் தூண்களுள் ஒருவரான பி. கே. சீனிவாசன், சென்னை முத்தியாலுபேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர். இராமானுசன் பற்றிய இரு நினைவு மலர்களை 1968இல் தொகுத்தவர். 1993இல் இராயபுரத்தில் இராமானுசன் அருங்காட்சியகம் உருவாகக் காரணமானவர். கணக்கை அச்சமின்றி அணுகக் குழந்தைகளைப் பழக்குவதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்தார் அவர்.

நடுவணரசின் தேசிய உயர்கணித வாரியம் 1986 முதல் இந்தியத் தேசியக் கணித ஒலிம்பியாடை நடத்தத் தொடங்க, 1989இல் மேற்கு ஜெர்மனியில் நடந்த பன்னாட்டுப் போட்டியில் இந்திய அணி முதன்முறையாகப் பங்கேற்றது. 1996இல் மும்பையே அப்போட்டிக்குக் களமாயிற்று. மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இத்தேர்வுகளின் முந்தைய வினாத்தாள்களையும் விடைகளையும் பொதுவெளியில் வைத்ததால், முன்பு சில பள்ளிகளின் அலமாரிகளுக்குள் இருந்த கணக்குகள் எவரும் எடுத்துப் பயிலக்கூடியனவாயின.

அளவைகள் மறைந்தன, வழிகள் நின்றன

இதற்கிடையில் திண்ணைக் கணக்கின் உலகம் ஒவ்வொன்றாக மறைந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு முதல் கிலோகிராமும் லிட்டரும் படிப்படியாகப் புகுந்தன. முந்திரியும் காணியும் குறுணியும் கலமும் சந்தையிலிருந்தும் பாடநூலிலிருந்தும் விலகின. திண்ணைப் பள்ளி மாணவனின் இலக்காக இருந்த ஊர்க் கணக்குப்பிள்ளைப் பதவியும் 1980இல் தமிழக அரசால் ஒழிக்கப்பட்டது. எண்சுவடியின் விடைகளை மட்டும் மனப்பாடம் செய்த கல்வி அத்தோடு முடிந்தது எனலாம்; அளவையை மாற்றி நோக்குதல், பெரியதைக் கூறாக்குதல், தோராயமாக மதிப்பிட்டுச் சரிபார்த்தல் ஆகிய வழிகளோ எந்த அளவையிலும் செல்லுபடியாவன.

மக்கள் வழக்கில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் ஒரு புதிர் இதை நன்கு விளக்கும். ஒருவரிடம் 81 பசுக்கள் உள்ளன. முதல் பசு 1 படி பால் தரும், இரண்டாவது 2 படி, இவ்வாறே 81ஆவது பசு 81 படி தரும். அவருடைய ஒன்பது பிள்ளைகளுக்கும் பசுவின் எண்ணிக்கையும் பாலின் அளவும் ஒத்திருக்கும்படி பங்கிட வேண்டும். மொத்தப் பால் 3,321 படியாதலால் ஒவ்வொருவருக்கும் 369 படி என்பது உடனே தெரியும். எந்தப் பசுவை யாருக்குக் கொடுப்பது என்பதே சிக்கல். எண்களை வரிசைக்கு ஒன்பதாக ஒன்பது வரிசைகளில் எழுதி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒன்று, ஒவ்வொரு நிரலிலிருந்தும் ஒன்று எனக் கொடுத்தால் கூட்டுத்தொகை தானாகவே 369 ஆகும். வரிசையின் பங்காக 0, 9, 18 முதல் 72 வரையான எண்கள் சேர்ந்து 324ம், நிரலின் பங்காக 1 முதல் 9 வரையான எண்கள் சேர்ந்து 45ம் எல்லார்க்கும் பொதுவாக வருவதே காரணம். விடையை மட்டும் அறிந்தவர் 81 பசுக்களோடு நின்றுவிடுவார். காரணத்தை அறிந்தவர் 49 பசுக்களையும் 100 பசுக்களையும் அவற்றுக்கேற்ற எண்ணிக்கையிலான பிள்ளைகளுக்கு அதே வழியில் பங்கிடுவார், எண்ணை இரு கூறாகப் பிரித்து நோக்கும் அக்கருத்தை ஒலிம்பியாட் கணக்கிலும் அடையாளம் காண்பார்.

மேலூர் வட்டாரத்து மாணவர்களுக்கு இன்று முன்நிற்கும் தேர்வுகள் ஒலிம்பியாடுகள் மட்டும் அல்ல. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்புப் பயில்வோருக்காக 2008இல் நடுவணரசு அறிமுகப்படுத்திய தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வில் வென்றோர், ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உதவித்தொகை பெறுகின்றனர். ஊரகப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கான தமிழ்நாடு ஊரகத் திறனாய்வுத் தேர்வு, மாவட்டத்துக்கு 50 மாணவரையும் 50 மாணவியரையும் தேர்ந்தெடுக்கிறது. 1820களின் கணக்கெடுப்பில் 13,781 பேரில் 105 ஆக இருந்த பெண்களின் பங்கு, இத்தேர்வில் விதியாலேயே சரிபாதியாக்கப்பட்டிருப்பது மதுரை மண்ணின் கல்வி வரலாற்றில் சிறியதொரு மாற்றமன்று. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை பள்ளியில் தொடர்ந்து படிக்க இவ்வுதவித்தொகை துணைபுரிவதால், முந்தைய ஆண்டு வினாத்தாளைத் தேடி எடுத்துப் பயிற்றும் ஆசிரியரின் உழைப்பு மதிப்புக்குரியது.

ஆயினும் அவ்வுழைப்பு முழுப்பயன் தர வேண்டுமெனில், பழைய கணக்குகள் எவ்வாறு பயன்படுத்தப்படுகின்றன என்பதில் கருத்து வேண்டும். விடைக்குறிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் எழுத்தை மட்டும் நினைவில் கொள்ளும் பயிற்சி, அளவை மாறியவுடன் செயலற்றுப்போன எண்சுவடி மனப்பாடத்தின் குறையையே மீண்டும் கொண்டுவரும். கணக்கை விடை பாராமல் முயலுதல், கண்ட வழியைச் சொற்களால் விளக்குதல், வேறு வழி உண்டா எனத் தேடுதல், எண்களை மாற்றிப் புதிய கணக்கை உருவாக்கி உடன்பயில்வோருக்கு விடுத்தல் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் பயிற்சி நிறைவுறும். இவற்றுள் முதலாவதைத் திண்ணைப் பள்ளியின் வாய்மொழிக் கணக்கும், இரண்டாவதையும் மூன்றாவதையும் ஹங்கேரியத் தொகுப்பும், நான்காவதை இந்தியக் கணிதக் கழக இதழின் வினாப் பகுதியும் செய்துகாட்டியுள்ளன.

எஞ்சி நிற்கும் குறை மொழியினுடையது. போட்டிக் கணக்குகளுக்கான பயிற்சி நூல்களுள் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே கிடைப்பதால், தமிழ்வழியில் பயிலும் மாணவர் கணக்கோடு மொழியையும் ஒருசேர எதிர்கொள்ள நேர்கிறது. நில அளவையையும் வட்டத்தின் பரப்பையும் பின்னங்களின் நுண்மையையும் செய்யுளிலேயே தெளிவாகச் சொன்ன மொழிக்கு, ஒலிம்பியாட் கணக்கின் விளக்கத்தை உரைநடையில் சொல்லும் ஆற்றல் நிச்சயமாக உண்டு. முந்தைய ஆண்டுகளின் திறனறிப் போட்டி வினாக்களையும் ஒலிம்பியாட் வினாக்களையும் பல வழி விளக்கங்களோடு தமிழில் தொகுத்து, கணக்கதிகாரத்தின் தேர்ந்த கணக்குகளையும் அவற்றோடு சேர்த்து ஒவ்வோர் ஊரகப் பள்ளியின் நூலகத்திலும் வைப்பது, கல்வித்துறையும் பல்கலைக்கழகங்களும் ஆசிரியர் அமைப்புகளும் கூடிச் செய்யக்கூடிய பணி. செய்தே தீர வேண்டிய பணியும் ஆகும். முன்பு ஊரில் சிலருக்கே உரியதாக இருந்த பழைய கணக்குகளின் அறிவு, அப்போதுதான் மேலூரின் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பொதுச் சொத்தாகும்.